குளிர்ந்த கடலோரத்துச் சிவப்பு ஒயின்: கொங்கு வீட்டு விருந்துக்கு எந்தக் கரை?

திருப்பூர், கோவை, கரூர் பக்கம் ஏற்றுமதித் தொழிலில் இருக்கும் வீடுகளிலும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளிலும் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. ஊருக்கு வரும் மாப்பிள்ளையோ மச்சினனோ போனில் கேட்கிறார்: “ரெட் ஒயின் நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வர்றனுங்க, எது வேணும்னு சொல்லுங்க.” கேட்கப்பட்டவருக்கு ஒயின் என்றால் கண்ணாடி நிறையக் கறுஞ்சிவப்பாக, நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்போடு ஏதோ ஒன்று என்ற அளவுதான் பழக்கம். டாஸ்மாக் எலைட் கடைகளில் கண்ணில் படுவதும் பெரும்பாலும் ஷிராஸ், கேபர்நே சாவிஞ்ஞோன் வகைகள்தான்.

நான் சொல்லும் பதில் வேறு. பினோ நுவார் என்ற திராட்சையில் செய்த, குளிர்ந்த கடலோரத்தில் விளைந்த ஒயினைக் கேளுங்கள். நம் ஊர்ச் சாப்பாட்டோடு உட்காரத் தகுதியுள்ள சிவப்பு ஒயின் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் ‘குளிர்ந்த கடலோரம்’ என்று லேபிளில் எழுதிக்கொள்ளும் இடங்கள் உலகில் பல. அவற்றில் நம் வீட்டுக்கு உண்மையில் கைக்கு எட்டக்கூடிய நான்கை இங்கே எடை போடுகிறேன்: கலிஃபோர்னியாவின் சொனோமா கடற்கரை, சிலியின் லெய்டா பள்ளத்தாக்கு, தென்னாப்பிரிக்காவில் ஹெர்மானஸ் ஊரை ஒட்டிய ஹெமல்-அன்-ஆர்டெ, ஆஸ்திரேலியாவின் மார்னிங்டன் தீபகற்பம்.

முதலில் அந்தத் திராட்சையைப் பற்றி. பினோ நுவாருக்குத் தோல் மெல்லியது. சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வருகின்றன. அதனால் இதில் செய்த ஒயின் வெளிறியிருக்கும். கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். “ஏனுங்ணா, இத்தன காசு குடுத்து வாங்கினது கலரே இல்லாம இருக்குதுங்களே?” என்று யாராவது கேட்டே தீருவார்கள். நிறத்தை வைத்து இதை எடை போடக் கூடாது. இதன் சிறப்பு வாசத்தில் இருக்கிறது. செர்ரி, ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி போன்ற சிவப்புப் பழங்கள் முன்னால் வரும். சில வருடம் வயதானால் ஈரமான இலைக்குப்பை, காளான், தேயிலை என்று மண்ணை ஒட்டிய வாசங்கள் பின்னால் எழும்.

இந்தத் திராட்சை சீக்கிரம் பழுக்கும் இனம். வெயில் அதிகமுள்ள இடத்தில் நட்டால் வாசம் திரள்வதற்கு முன்பே சர்க்கரை ஏறிவிடும், புளிப்பு இறங்கிவிடும். குடித்தால் ஜாம் போல இருக்கும், ஆல்கஹாலும் கூடிப்போகும். மெதுவாகப் பழுக்க வைக்கக் குளிர் வேண்டும். ஃபிரான்சின் பர்கண்டியில் அந்தக் குளிரை வடக்கு அட்சரேகை தருகிறது. நாம் பார்க்கப்போகும் நான்கு இடங்களிலும் அதைக் கடல் தருகிறது.

கடல் எப்படிக் குளிர்விக்கிறது என்பது கோயமுத்தூர்க்காரருக்கு எளிதில் புரியும். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல நிற்கிறது, பாலக்காட்டுக் கணவாயில் மட்டும் அந்தச் சுவர் உடைந்திருக்கிறது. ஆனி, ஆடியில் அந்த வழியாக வரும் காற்றுதான் கோவையைக் குளிர வைக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. சொனோமாவிலும் இதே அமைப்பு. கடற்கரை மலைத்தொடரில் பெட்டலூமா கேப் என்று ஒரு கணவாய். பசிபிக் கடலின் குளிர்ந்த காற்றும் மூடுபனியும் அதன் வழியே உள்ளே புகுந்து சான் பாப்லோ விரிகுடா வரை போகின்றன. காற்று பலமாக அடிக்கும்போது திராட்சை இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது, பழுப்பது தாமதமாகிறது, பழம் சிறுத்துத் தோல் கொஞ்சம் தடிக்கிறது. அந்தக் காற்றையே அடையாளமாக வைத்து 2017 டிசம்பரில் பெட்டலூமா கேப்பைத் தனி ஒயின் வட்டாரமாக அமெரிக்க அரசு அறிவித்தது. நம் கணவாய்க் காற்றை அறிந்தவருக்கு அந்த ஊர் ஒயின் பாதி புரிந்த மாதிரிதான்.

சொனோமாவில் ஒரு பெரிய குழப்பம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பணம் வீணாகும். ‘சொனோமா கோஸ்ட்’ என்று லேபிளில் இருப்பதால் மட்டும் அது கடலோரத்து ஒயின் ஆகிவிடாது. 1987ல் அந்தப் பெயருக்கு எல்லை வரைந்தபோது மிக அகலமாக வரைந்துவிட்டார்கள். கடலிலிருந்து நெடுந்தூரம் உள்ளே, வெயில் காயும் இடங்களும் அதில் அடங்கும். உண்மையான கரையோர விவசாயிகள் பல வருடம் வாதாடித் தங்கள் நிலத்துக்குத் தனிப்பெயர் வாங்கினார்கள். ஃபோர்ட் ராஸ்-சீவியூ 2012ல் வந்தது. கரையோரப் பகுதி முழுவதையும் தழுவும் வெஸ்ட் சொனோமா கோஸ்ட் 2022ல் வந்தது. பணம் கொடுப்பதென்றால் இந்த இரண்டு பெயர்களில் ஒன்றோ, பெட்டலூமா கேப்போ லேபிளில் இருக்க வேண்டும். வெறும் ‘சொனோமா கோஸ்ட்’ என்றால் தயாரிப்பாளரைத் தெரிந்திருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஃபோர்ட் ராஸ்-சீவியூ தோட்டங்கள் பசிபிக்குக்கு நேர் மேலே, பெரும்பாலும் 920 அடிக்கு மேல் 1,800 அடி வரையான மலைமுகடுகளில் இருக்கின்றன. மூடுபனி கீழேயே தங்கிவிடுவதால் முகட்டுக்கு நல்ல வெயில் கிடைக்கிறது, காற்று மட்டும் கடலின் குளிரோடு வருகிறது. 1980ல் அங்கே நடப்பட்ட ஹிர்ஷ் தோட்டம்தான் அந்த முகடுகளில் பினோ நுவார் சாத்தியம் என்று மற்றவர்களுக்குக் காட்டிய முன்னோடிகளில் ஒன்று. அந்த ஒயினில் பழம் அடர்த்தியாக இருக்கும், அதற்கு ஈடாகப் புளிப்பும் துவர்ப்பும் இருக்கும். நான்கில் மிகக் கம்பீரமானது இதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கொங்கு விருந்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விலை பெரும்பாலும் 50 டாலரைத் தாண்டும். அதோடு, அந்த முகட்டு ஒயின்களில் நல்லவை சில வருடம் படுக்க வைத்துக் காத்திருக்க வேண்டியவை. நம் வீடுகளில் நிலவறை கிடையாது. சித்திரை வெயிலில் 38 டிகிரி தொடும் அறையில் அலமாரி மேல் வைத்த பாட்டில் முதிராது, வெந்துபோகும். இன்னொரு காரணம் ஆல்கஹால். கலிஃபோர்னிய பினோ நுவார் பலவற்றில் லேபிளில் 14 சதவீதத்துக்கு மேல் போட்டிருக்கும். அந்த எண் நமக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சாப்பாட்டுப் பகுதியில் சொல்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால், பேசிக்கொண்டே மெதுவாக அருந்த என்றால் ஃபோர்ட் ராஸ்தான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

லெய்டாவை நீட்டி எழுதத் தேவையில்லை. தெற்கு அட்சரேகை 33 டிகிரியை ஒட்டிய இடம்; நான்கில் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பது இதுதான். ஹம்போல்ட் நீரோட்டம் தென்துருவப் பக்கத்துக் குளிர்ந்த நீரைக் கரையோரமாகத் தள்ளிக்கொண்டு வருவதால் மட்டுமே அங்கே பினோ நுவார் நிற்கிறது. மழை குறைவு. 1990களின் பிற்பகுதியில் மைப்போ ஆற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் அங்கே திராட்சை விவசாயம் தொடங்கியது. 2002ல் தனி வட்டாரமாக அங்கீகாரம் பெற்றது. ஒயின் துள்ளலாக இருக்கும், புளிப்பு தெளிவாகத் தெரியும், பச்சிலை வாசம் லேசாகக் கலந்திருக்கும். 20 டாலருக்குள்ளேயே நல்ல பாட்டில் கிடைக்கும் என்பது பெரிய பலம். ஆழம் குறைவு, முதல் கோப்பையில் சொன்னதையே மூன்றாவது கோப்பையிலும் சொல்லும். பினோ நுவார் என்றால் என்ன என்று நாக்குக்கு அறிமுகம் செய்துவைக்க இதைவிடச் சரியான இடம் இல்லை. ஆனால் பொன்விழாவுக்கோ, பெரிய ஆர்டர் கையெழுத்தான இரவுக்கோ இது போதாது.

மார்னிங்டன் தீபகற்பம் மெல்போர்னுக்குத் தெற்கே இருக்கிறது. ஒரு பக்கம் போர்ட் ஃபிலிப் விரிகுடா, ஒரு பக்கம் வெஸ்டர்ன் போர்ட், தெற்கே பாஸ் நீரிணை. மூன்று பக்கமும் தண்ணீர் என்பதால் பகலின் உச்ச வெயிலும் இரவின் கடுங்குளிரும் இரண்டுமே மட்டுப்படுகின்றன. இக்காலத்துத் தோட்டங்களில் முதலாவது 1972ல் நடப்பட்ட எல்ஜி பார்க். அந்தச் சிறிய நிலத்துக்குள்ளேயே இரண்டு குணம் உண்டு. ரெட் ஹில் பக்கம் உயரம், எரிமலைச் செம்மண், குளிர் கூடுதல். அங்கே விளையும் ஒயின் மெல்லியது, மலர் வாசம் கொண்டது. கீழே மூரூடக் பக்கம் கொஞ்சம் வெதுவெதுப்பு; அங்கே விளைவதில் பழச்சுவையும் வாயில் உணரும் கனமும் அதிகம். தீபகற்பத்து ஒயின் எதுவானாலும் துவர்ப்பு பட்டு மாதிரி மெதுவாக இறங்கும். துவர்ப்பைக் கண்டாலே முகம் சுளிக்கும் ஒருவருக்கு, வீட்டுப் பெரியம்மாவுக்கு ஒரு வாய் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றால், நான் இதைத்தான் திறப்பேன்.

மார்னிங்டனுக்கு நமக்கென்றே ஒரு சாதகம் இருக்கிறது. இந்தியாவில் இறக்குமதி ஒயினுக்குச் சுங்கம் 150 சதவீதம். ஆஸ்திரேலியாவுடனான வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29ல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, 15 டாலருக்கு மேல் இறக்குமதி விலையுள்ள ஆஸ்திரேலிய பாட்டிலுக்கு அது உடனே 75 ஆனது. பத்து வருடத்தில் படிப்படியாக 25க்கு இறங்கும். 5 டாலர் முதல் 15 வரையான பாட்டிலுக்கு 100ல் தொடங்கி 50 வரை இறங்கும். மாநிலக் கலால் இதற்கு மேல் தனி. எனவே வெளிநாட்டு உறவினரை நம்பாமல் இங்கேயே வாங்க நினைப்பவருக்கு வரும் வருடங்களில் தரமும் விலையும் ஒத்துவரப்போவது ஆஸ்திரேலியப் பக்கம்தான்.

இனி ஹெமல்-அன்-ஆர்டெ. நான் பக்கம் சாய்வது இங்கேதான், மறைக்கவில்லை. கேப் டவுனுக்குத் தென்கிழக்கே ஹெர்மானஸ் என்ற கரையோர ஊர். கரையில் நின்றபடியே திமிங்கலம் பார்க்கலாம் என்று பேர்போனது. ஊருக்குப் பின்னால் மலைகளுக்கிடையே உள்ளே போகும் பள்ளத்தாக்கு. 1975ல் டிம் ஹாமில்டன் ரஸ்ஸல் அங்கே நிலம் வாங்கியபோது, எந்த நிலத்தில் ஒயின் திராட்சை பயிரிடலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் ஒதுக்கீட்டு முறை அந்நாட்டில் இருந்தது. 1992ல்தான் அது நீங்கியது. அந்தத் தடைகளுக்கு நடுவே, நாட்டின் தெற்குக் கரையில் பினோ நுவார் நிற்கும் என்று நம்பி நட்டார் அவர். பினோ நுவார், வெள்ளை ஒயினுக்கான ஷார்டனே ஆகிய இரண்டு திராட்சைகளில் மட்டும் அவருடைய தோட்டம் இன்றும் கவனம் வைத்திருக்கிறது. பிறகு 1989ல் பூஷார் ஃபின்லேசன் என்ற ஒயின் தோட்டம் தொடங்கியது. அதன் பின் பல தோட்டங்கள் வந்து, இன்று அந்தப் பள்ளத்தாக்கு மூன்று தனி வட்டாரங்களாக லேபிளில் வருகிறது: ஹெமல்-அன்-ஆர்டெ வேலி (Valley, பள்ளத்தாக்கு), அப்பர் ஹெமல்-அன்-ஆர்டெ வேலி, ஹெமல்-அன்-ஆர்டெ ரிட்ஜ்.

கடலுக்கு மிக அருகில் இருப்பது முதலில் சொன்ன ‘வேலி’. அங்கே ஷேல் என்ற படிவுப் பாறை உடைந்து உண்டான, களிமண் அதிகமுள்ள மண். களிமண்ணில் விளைந்த பினோ நுவாருக்கு எலும்பு இருக்கும். வாயில் வைத்ததும் பழத்தைவிட மண் வாசமும் மசாலா வாசமும் முந்தும், துவர்ப்பு அளவோடு பிடித்துக்கொள்ளும், புளிப்பு கடைசி வரை நிற்கும். மார்னிங்டனின் மென்மை இதில் இல்லை, ஃபோர்ட் ராஸின் செழிப்பும் இல்லை. இரண்டுக்கும் இடையில், சாப்பாட்டுக்கு முன் தோற்றுப்போகாத ஓர் உறுதி இதில் இருக்கிறது. விலையும் லெய்டாவுக்கும் ஃபோர்ட் ராஸுக்கும் நடுவில்.

சாப்பாடு என்று வரும்போதுதான் முடிவு தெளிவாகிறது. மிளகாயின் காரத்தைத் தரும் கேப்சைசின் வாயில் எந்த வெப்ப உணர்வியைத் தூண்டுகிறதோ, அதையே ஆல்கஹாலும் தூண்டுகிறது. காரத்தோடு 14.5 சதவீத ஒயினைக் குடித்தால் எரிச்சல் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். துவர்ப்பும் கூடச் சேர்ந்தால் நாக்கு வறண்டு போகும், ஒயினின் வாசம் ஒன்றும் தெரியாது. நம் விருந்துகளில் பலர் “இதென்னங்க, கசக்குது” என்று கோப்பையைத் தள்ளிவைப்பது பெரும்பாலும் இதனால்தான். ஒயின் மேல் தப்பில்லை, சேர்க்கைதான் தப்பு. அதனால் பாட்டிலை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஆல்கஹால் எண். 13.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நம் சாப்பாட்டுக்கு ஆகும்.

பள்ளிபாளையம் சிக்கன் மசாலாப் பொடியே போடாமல் வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லில் செய்வது. மிளகாய் விதையைத் தட்டிவிட்டுச் செய்தால் ஹெமல்-அன்-ஆர்டெயோடு அழகாகப் போகும். தேங்காயின் இனிப்பும் வதங்கிய வெங்காயத்தின் இனிப்பும் ஒயினின் பழத்தை எடுத்துக் கொடுக்கும். தேங்காயும் மல்லியும் அரைத்துவிட்ட வெள்ளாட்டுக் கறிக்குழம்புக்கும் அதுவே. சைவ வீட்டுக்கு என் தேர்வு காளான் வறுவல். மிளகாயைக் குறைத்து, நெய்யில் சுருள வதக்கி இறக்கினால் பினோ நுவாரின் காளான் வாசமும் அதுவும் ஒன்றையொன்று தேடிப் போகும். கொள்ளுப் பருப்புக் கடைசலை யாரும் ஒயினோடு நினைத்துப் பார்ப்பதில்லை. அதன் மண்வாசம் ஹெர்மானஸ் ஒயினோடு இவ்வளவு பொருந்தும் என்பதைச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். அரிசியும் பருப்பும் சாதம், நெய் விட்டு, அப்பளத்தோடு என்றால் அங்கே மார்னிங்டன். அந்தச் சாதத்தின் அமைதிக்கு உறுதியான ஒயின் வேண்டியதில்லை.

மிளகு போட்டுச் சுண்ட வறுத்த ஆட்டுக்கறிக்கு மட்டும் நான் பினோ நுவாரை விட்டு விலகுவேன். அதே குளிர் கடலோரங்களில் விளையும் சிரா திராட்சையைக் கேளுங்கள். லெய்டாவை உள்ளடக்கிய சான் அன்டோனியோ வட்டாரத்திலும், தென்னாப்பிரிக்காவின் தென்கோடியில் எலிம் பக்கமும் நல்லது கிடைக்கும். டாஸ்மாக்கில் கிடைக்கும் வெயில் பிரதேசத்து ஷிராஸும் இதே திராட்சைதான், ஆனால் குளிரில் விளைந்தால் குணமே வேறு. கருமிளகுக்கு அதன் வாசத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற சேர்மம் சிராவின் தோலிலும் இருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் 2008ல் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். குளிர்ந்த இடத்துப் பழத்தில் அது அதிகம் சேர்கிறது. அந்த ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் தெரியவேயில்லை. ஆகவே மேசையில் ஒருவர் “மிளகு வாசமே வரலையே” என்றால் வற்புறுத்தாதீர்கள், அவர் மூக்குக்கு அது இல்லை.

பாட்டில் வந்து சேரும் வழியையும் முன்கூட்டியே யோசியுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு பயணி தீர்வை இல்லாமல் 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு தாராளமாக அடங்கும். சிங்கப்பூரில் விமானம் மாறிக் கோவை வருபவர் பெட்டிக்குள் துணி சுற்றி வைப்பதே நல்லது. பெங்களூரு கடைகளில் வகை அதிகம் கிடைக்கும் என்று காரில் எடுத்துவர நினைக்காதீர்கள். மாநில எல்லை தாண்டினால் கலால் சட்டம் குறுக்கே வரும், திம்பம் இறக்கத்தில் வெயிலில் நின்ற கார் டிக்கியும் ஒயினைக் கெடுத்துவிடும். அறுவடை ஆண்டு நான்கைந்து வருடத்துக்கு முந்தியதாகக் கேளுங்கள். உடனே திறக்கலாம், காத்திருக்க வேண்டாம்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு குளிர்ந்த ஐரோப்பிய அறைகளுக்கானது. நம் அறை 31 டிகிரி. அந்தச் சூட்டில் பினோ நுவாரைத் திறந்தால் ஆல்கஹால் நெடிதான் முதலில் வரும். 14, 15 டிகிரிக்கு இறக்க, ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்து, பன்னிரண்டு நிமிடம் போதும். கோப்பை வயிறு அகன்றதாக இருக்கட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். மேலே இருக்கும் காலி இடத்தில்தான் வாசம் தங்கும். சோடாவோ ஐஸோ கலந்தால் இவ்வளவு தூரம் தேடிக் கொண்டுவந்ததற்கு அர்த்தம் இல்லாமல் போகும். சட்டப்படி 21 வயது நிரம்பியவர்களுக்குத்தான் கோப்பை. திரும்பி வண்டி ஓட்டிப் போக வேண்டியவருக்கு அன்று இளநீர்.

ஒரே ஒரு பாட்டில்தான் வரும் என்றால், லேபிளில் ஹெமல்-அன்-ஆர்டெ என்று இருப்பதையும், ஆல்கஹால் 13.5க்குள் இருப்பதையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு வாங்கச் சொல்லுங்கள். இரண்டு என்றால் கூட ஒரு மார்னிங்டன். ரெட் ஹில் என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவிலிருந்து வருபவரை ஹெர்மானஸ் பாட்டில் தேடி அலைய விட வேண்டாம். பெட்டலூமா கேப் என்று போட்டு, ஆல்கஹால் எண்ணும் குறைவாக இருந்தால் அதையே கொண்டுவரட்டும், அன்றைக்குக் குழம்பில் மட்டும் மிளகாயைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.